மண்டியை விட்டு உழவர் சந்தைக்குப் போகலாமா?

கேள்வி இது: ஒன்றேகால் ஏக்கர் சொந்த நிலம், கிணற்றுப் பாசனம். கத்தரி, வெண்டை, கொஞ்சம் கீரை. இதுவரை விளைந்தது எல்லாம் மண்டிக்குத்தான் போயிருக்கிறது. "உழவர் சந்தையில் நாமே உட்கார்ந்து விற்றால் இடையில் போகிற லாபம் முழுக்க நமக்குத்தானே?" என்று மகன் கேட்கிறான். அங்கே விற்கிற சிறு விவசாயிகளின் பிழைப்பு உண்மையில் எப்படி இருக்கிறது, நாங்கள் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் மகனின் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மண்டிக்காரரும் சில்லறைக் கடைக்காரரும் எடுக்கிற காசில் ஒரு பங்கு அவர்கள் செய்யும் வேலைக்கான கூலி. காயை ஏற்றி இறக்குவது, தரம் பிரிப்பது, விடிகாலையில் கடை விரிப்பது, வாங்க வருகிறவரிடம் பொறுமையாகப் பேசுவது, விற்காமல் போனதன் நஷ்டத்தைத் தாங்குவது. இடைத்தரகர் விலகினாலும் இந்த வேலைகள் விலகுவதில்லை, உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. சந்தைக்குப் போகிற குடும்பம் விவசாயத்தோடு வியாபாரத்தையும் சேர்த்துச் செய்கிற குடும்பம். அந்த இரண்டாவது வேலைக்கு வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இடையில் போகிற காசு கொஞ்சநஞ்சம் இல்லை என்பதும் உண்மைதான். ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி முழுவதையும் யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போகிறார் என்று நினைக்கத் தோன்றும். அதில் கமிஷன் உண்டு, லாரி வாடகை உண்டு, அழுகிப் போவது உண்டு, கடை வாடகை உண்டு. பல கைகள் மாறி, பல மாவட்டங்கள் தாண்டிப் போகிற சரக்கின் கணக்கு அது. பக்கத்து ஊரில் விளைந்து பக்கத்து நகரத்தில் விற்கிற கத்தரிக்காய்க்கு இடைவெளி இவ்வளவு அகலமாக இருக்காது. அதனால் மண்டியை விட்டதும் வரும்படி மூன்று மடங்காகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உழவர் சந்தை எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபில் 1987-இல் தொடங்கிய அப்னி மண்டி, ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தொடங்கிய ரைத்து பஜார் ஆகியவற்றுக்குப் பின், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று அப்போதைய முதல்வர் கருணாநிதி திறந்தார். 2001-இல் ஆட்சி மாறியபின் பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2006-க்குப் பின் மறுபடி உயிர் பெற்றன. இன்று மாநிலம் முழுவதும் 180-க்கும் மேல் இருக்கின்றன. கடைக்கு வாடகை கிடையாது, தராசு அலுவலகத்திலேயே கொடுப்பார்கள். விலையை நீங்களாக வைக்க முடியாது. பக்கத்து மொத்தச் சந்தையில் அன்று விடியற்காலை என்ன விலை போனது என்று விசாரித்து, அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூட்டி, வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைவாக வருகிற மாதிரி ஒரு விலையைப் பலகையில் எழுதிப்போடுவார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்கிற விலை அது.

இப்போது அந்த நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். அது முந்தின நாள் மதியமே தொடங்கிவிடுகிறது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், ஒரு நாள் தவறினால் முற்றி நாராகிவிடும். முனையை ஒடித்துப் பார்த்து வாங்குகிற ஊரில் முற்றின வெண்டையை யாரும் தொடமாட்டார்கள். கத்தரி வாரம் இரண்டு பறிப்பு. கீரையை வெயில் தாழ்ந்தபின் பிடுங்கி, தொட்டித் தண்ணீரில் வேர்மண் போக அலசி, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். நாலு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும்வரை கை ஓயாது. பூச்சி விழுந்த கத்தரியைத் தனியே எடுப்பது, கோணல் வெண்டையை ஒதுக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான். இத்தனைக்கும் நடுவில் மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரத்தில் யாராவது ஓடிப்போய் மடை திருப்பவும் வேண்டும்.

அடுத்த நாள் இரண்டரை, மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். தொடக்கக் காலத்தில் சந்தைக்கென்றே விடிகாலைப் பேருந்துகள் விட்டார்கள். இப்போது பெரும்பாலான ஊர்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியைப் பேசிவைத்திருக்கின்றன. மூட்டைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. அந்த வண்டி உங்கள் வாழ்க்கையின் கடிகாரமாகிவிடும். அது நிற்கிற இடத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரத்துக்கு வராவிட்டால் அன்றைய பறிப்பு வீணாகிவிடும். சந்தையில் எந்தக் கடை கிடைக்கிறது என்பதும் முக்கியம். பல இடங்களில் முன்னால் வருபவருக்கு வாசல் பக்கம் கிடைக்கும், பின்னால் வருபவர் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். கடைசி வரிசைக்கு வருவதற்குள் ஜனங்களின் பை பாதி நிறைந்திருக்கும்.

ஐந்து, ஐந்தரைக்குக் கூட்டம் தொடங்கும். முதலில் வருகிறவர்கள் நடைப்பயிற்சி முடித்த பெரியவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள். அப்புறம் பள்ளிக்கூடம், வேலை என்று ஓடுகிற வீட்டுக்காரர்கள். எட்டரைக்குள் நல்ல வியாபாரம் முடிந்துவிடும். ஒன்பதரைக்குப் பிறகு வருகிறவர்கள் விலை குறையும் என்று தெரிந்தே வருகிறார்கள். கீரை வாடத் தொடங்கும் நேரமும் அதுதான். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் பத்து மணி விலை வேறு. ஒரு கைப்பிடி கொத்தமல்லியோ கறிவேப்பிலையோ கொசுறாகப் போடாவிட்டால் வாடிக்கை நிற்காது. மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வீடு சேர மதியம் ஆகும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் மறுபடி பறிப்பு. தொடர்ந்து இப்படிப் போகிற குடும்பங்களில் எல்லோருக்கும் குறைவது தூக்கம்தான். இடுப்புவலி, முழங்கால்வலி அதன் கூடவே வரும். இதை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, அதனால் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம். புரிவதற்காக ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன், விலைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 60 கிலோ கத்தரி, மொத்த விலை கிலோ 20 ரூபாய் என்று வையுங்கள். மண்டியில் 1,200 ரூபாய். நூற்றுக்குப் பத்து கமிஷன் பிடித்தால் 120 போகும். வண்டி, இறக்குகூலி என்று 80 போனால் கையில் 1,000. இதையே சந்தையில் 24 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 50 கிலோ நல்ல விலைக்குப் போகிறது, 1,200. கடைசிப் பத்துக் கிலோவைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறீர்கள், 120. மொத்தம் 1,320. மூட்டைக்கும் ஆளுக்கும் வண்டிக்கூலி, டீ, டிபன் எல்லாம் சேர்த்து 120 போனால் கையில் 1,200. வித்தியாசம் 200 ரூபாய். ஒரு ஆள் விடிகாலை மூன்றிலிருந்து மதியம்வரை உழைத்ததற்கு இதுதான் மிச்சம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலியே 336 ரூபாய்.

கத்தரி மட்டும் கொண்டுபோனால் கட்டாது என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் கூடவே 60 கட்டு கீரை போகிறது என்று வையுங்கள். கீரையைத் தோட்டத்துக்கே வந்து எடுக்கிற வியாபாரி கட்டுக்கு 6 ரூபாய் தருவார், 360 ரூபாய். சந்தையில் 12 ரூபாய்க்கு 50 கட்டு விற்றாலே 600. மீதி பத்து மாட்டுக்குப் போனாலும் 240 ரூபாய் கூடுதல், அதே வண்டி, அதே ஆள், அதே நேரம். இரண்டையும் சேர்த்தால் 440. இன்னும் கொஞ்சம் பச்சை மிளகாய், ஒரு கூடை அவரை, நாலு சுரைக்காய், ஒரு கட்டு முருங்கை இருந்தால் இன்னும் ஏறும். மண்டியில் நாலு சுரைக்காய்க்கு விலையே கிடையாது. சின்னச் சின்ன அளவுகளை அங்கே மதிக்கமாட்டார்கள், ஒன்றாகச் சேர்த்துக் குத்துமதிப்பாக ஒரு தொகை சொல்வார்கள். சந்தையில் அதே நாலு சுரைக்காய் நாலு வீட்டுக்கு முழு விலைக்குப் போகும். மண்டிக்கு ஒரே பயிர் நிறைய வேண்டும், சந்தைக்குப் பல பயிர் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டிய பெரிய வித்தியாசம் என்று நான் நினைப்பது இதுதான்.

ஆகவே சந்தைக்குப் போக முடிவெடுத்தால் முதலில் மாறவேண்டியது தோட்டம். அரை ஏக்கர் கத்தரியை ஒரே நாளில் நட்டால் ஒரே சமயத்தில் குவியும், சந்தை தாங்காது. அதையே மூன்று பாகமாகப் பிரித்து இருபது நாள் இடைவெளியில் நட வேண்டும். கீரைப் பாத்திகளை வாரம் இரண்டு பாத்தி வீதம் விதைத்துக்கொண்டே போனால், சிறுகீரை 25, 30 நாளில் வெட்டுக்கு வரும், எந்த வாரமும் கை காலியாக இருக்காது. கொத்தமல்லிக்கு 40, 45 நாள். வரப்பு ஓரம் அகத்தி, முருங்கை, கறிவேப்பிலை. ஒரு சின்னப் பந்தலில் பீர்க்கனும் புடலையும். நிலம் குறைவாக இருப்பது இந்த முறைக்கு ஒரு குறை இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயி கையில் உள்ள நிலத்தின் சராசரி அளவே 0.75 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 1.85 ஏக்கர். நிலம் வைத்திருப்பவர்களில் 93 சதவீதம் பேர் குறு, சிறு விவசாயிகள். உங்கள் ஒன்றேகால் ஏக்கர் இங்கே விதிவிலக்கு ஒன்றும் இல்லை.

மிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாபாரத்தில் லாபமும் நஷ்டமும் அங்கேதான் தீர்மானமாகிறது. தினமும் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் அந்த 20 சதவீதக் கூடுதல் விலைக்கு அர்த்தமே போய்விடும். அனுபவம் உள்ளவர்கள் விற்கக்கூடியதைவிடச் சற்றுக் குறைவாகவே கொண்டுபோவார்கள். மழை நாள், மாதக் கடைசி, உள்ளூர்த் திருவிழா எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கும். சில சந்தைகளில் குளிர்பதன அறை இருக்கிறது, உங்கள் ஊரில் அது ஓடுகிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் உருவாக்கிய மின்சாரம் தேவைப்படாத குளிர் தொட்டி. செங்கல்லால் இரண்டு சுவர், நடுவில் மூன்று அங்குல அளவு இடைவெளி, அதில் மணல். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், மேலே கூரையும் ஈரச் சாக்கும். வறண்ட வெயில் காலத்தில் உள்ளே நன்றாகக் குளிர்ந்திருக்கும், கீரை ஒரு நாள் கூடுதலாக நிற்கும். ஐப்பசி மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவாகப் பயன் தராது.

உங்கள் வீட்டில் சந்தைக்குப் போகப்போவது யார்? பெரும்பாலும் மனைவியாக இருக்கும், இல்லையென்றால் அம்மா. எந்த உழவர் சந்தைக்குப் போனாலும் கடைகளில் பெண்களை நிறையப் பார்க்கலாம். பட்டா ஆண் பெயரில், விதை கடன் எல்லாம் ஆண் பெயரில், ஆனால் தராசைப் பிடித்திருப்பது பெண். இதில் நல்லது உண்டு. மண்டிப் பணம் வாரக் கணக்கில் சீட்டாக வந்து, பெரும்பாலும் ஆண் கையில் சேரும். சந்தைப் பணம் அன்றன்றைக்கு ரொக்கமாக அந்தப் பெண்ணின் சுருக்குப் பையில் சேர்கிறது, இப்போது பாதி ஃபோனில். அதிலிருந்து சுயஉதவிக் குழுத் தவணை, பிள்ளைக்கு ஃபீஸ், மருந்து எல்லாம் யாரிடமும் கேட்காமல் போகிறது. சந்தைக்குப் போகிற பெண்கள் பலர் உடம்பு முடியாவிட்டாலும் அதை விடமாட்டேன் என்பதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். ஆனால் மூன்று மணிக்கு எழுகிற அந்தப் பெண் முந்தின இரவு சமையலையும் பாத்திரத்தையும் முடித்துவிட்டுத்தான் படுத்திருப்பார். சந்தையில் கழிப்பறை சரியில்லை என்றால் தண்ணீரே குடிக்காமல் அரைநாள் உட்கார்ந்திருப்பார். மூத்திரக் கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அப்படி வருவதுதான். ஆகவே சந்தைக்குப் போவதென்று முடிவானால் வீட்டு வேலையை ஆண்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். லாபக் கேள்வி கேட்ட மகனும் பறிப்புக்கும் கட்டுக் கட்டவும் உட்கார வேண்டும். ஒரே ஆளின் தூக்கத்தை வைத்து நடத்துகிற வியாபாரம் இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்காது.

போட்டியும் உண்டு. அட்டை (உழவர் சந்தையில் விற்க விவசாயிக்குக் கொடுக்கிற அடையாள அட்டை) வாங்கிய நிலம் ஒன்று, விற்கிற சரக்கு மண்டியிலிருந்து வந்தது என்று இருக்கிற ஆட்கள் எல்லாச் சந்தையிலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஒரே அளவில் பளபளவென்று பத்துப் பன்னிரண்டு வகை காய் வருஷம் முழுவதும் ஒரு கடையில் இருந்தால், அது ஒரு ஏக்கரில் விளைந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. தோட்டக்கலை அலுவலர்கள் வயலைப் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும் என்பதே இதைத் தடுக்கத்தான். அந்தச் சோதனை ஒழுங்காக நடக்கிற சந்தையில் உண்மையான விவசாயி நிற்கிறார், நடக்காத இடத்தில் மெதுவாக வெளியேறுகிறார். இன்னொன்று, சந்தைக்கு வெளியே சாலையோரம் விரிக்கிற கடைகள். திருப்பூர் தென்னம்பாளையத்தில் இதற்காக விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். உள்ளே வருவதற்கு முன்பே வாசலில் வாங்கிவிட்டுப் போகிறார்கள் என்பது அவர்கள் ஆதங்கம், அதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சாலையோரக்காரர்களும் அன்றாடப் பிழைப்புக்காரர்கள்தான் என்பதையும் மறக்க முடியாது. அவர்களுக்கு வேறு இடம் ஒதுக்காமல் வண்டியை மட்டும் தூக்கினால் அடுத்த வாரம் திரும்பி வந்துவிடுவார்கள்.

வாரச் சந்தை வேறு மாதிரி. அங்கே அட்டை கிடையாது, விலைப் பலகை கிடையாது, விவசாயியும் வியாபாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஊராட்சியோ பேரூராட்சியோ ஏலம் விட்டிருக்கும், ஏலம் எடுத்தவரின் ஆள் வந்து சுங்கம் வசூலிப்பார். எவ்வளவு வாங்கலாம் என்று அறிவிப்பு இருக்க வேண்டும், ரசீது கேட்டு வாங்குங்கள். தறி, மில், கூலி வேலை உள்ள ஊர்களில் சம்பள நாளை ஒட்டி நடக்கிற சாயங்காலச் சந்தையில் நல்ல வியாபாரம் உண்டு. கூறு கட்டி விற்கலாம், கோணல் காயும் போகும். நகரத்து உழவர் சந்தையில் ஒதுக்குகிற இரண்டாம் தரத்துக்கு அதுதான் இடம். வாரம் இரண்டு காலை உழவர் சந்தை, ஒரு மாலை வாரச் சந்தை என்று வைத்துக்கொள்கிற குடும்பங்கள் ஓரளவு நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தினமும் போகிறவர்களைவிட அவர்கள் தோட்டம் நன்றாக இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும், மண்டியை முற்றிலும் விட்டுவிட வேண்டாம் என்பதே என் யோசனை. விளைச்சல் குவிகிற வாரங்களில் சந்தையால் உங்களைத் தாங்க முடியாது. தக்காளியைப் பாருங்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. வேறு பருவங்களில் பறிகூலிக்கே கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள், சாலையில் கொட்டுகிறார்கள். உழவர் சந்தை விலை மொத்த விலையைத்தான் பின்தொடர்கிறது. மொத்த விலை 4 ரூபாய் என்றால் உங்களுக்கு 5 ரூபாய், அவ்வளவுதான். விலை வீழ்ச்சியிலிருந்து அது யாரையும் காப்பாற்றுவதில்லை. பல பயிர் வைத்திருப்பவருக்கு ஒன்று விழுந்தாலும் இன்னொன்று நிற்கும் என்பதுதான் ஒரே பாதுகாப்பு.

மண்டி விஷயத்தில் ஒன்று மட்டும் நேர்மையாகப் பாருங்கள்: உங்களுக்கு அங்கே பாக்கி இருக்கிறதா? விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால், காய் முழுவதும் அங்கேதான் வர வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். நல்ல காயைச் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டு மிச்சத்தை அங்கே போட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அவசரத்துக்குப் பணம் கேட்டால் அடுத்த முறை வராது. முன்பணத்துக்கு அவர் வட்டி என்று எதுவும் வாங்காமல் இருக்கலாம், ஆனால் எடையிலும் கழிவிலும் விலையிலும் அது பிடிபட்டுக்கொண்டே இருக்கும். முதலில் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு முயன்று, மண்டிப் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டு அப்புறம் சந்தைக்கு அடி வையுங்கள். சந்தைக்குப் போக ஆரம்பித்ததும் தினத் தண்டல்காரர் வருவார். காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வாங்குகிற பணம் அது. விளைந்த சரக்கை விற்கிற உங்களுக்கு அந்தப் பணம் தேவையே இல்லை, சரக்கு வாங்கி விற்கிறவர்கள்தான் அதில் மாட்டுகிறார்கள்.

உங்களுடையது சொந்த நிலம் என்பதால் அட்டை வாங்குவதில் பெரிய சிரமம் இருக்காது. சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம் எடுத்துக்கொண்டு சந்தையிலேயே உள்ள நிர்வாக அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். என்ன பயிர் நிற்கிறது என்று வயலுக்கு வந்து பார்ப்பார்கள், ஆகவே பயிர் நிற்கிற சமயத்தில் போங்கள். குத்தகைக்கு, வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுகிறவர்கள் நிலைதான் வருத்தமானது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான குத்தகை இன்றும் வாய்ப்பேச்சுதான். எழுதிக்கொடுத்தால் நிலம் போய்விடும் என்று சொந்தக்காரருக்குப் பயம். மண்ணில் வேலை செய்கிறவர் அட்டை இல்லாமல் வாசலுக்கு வெளியே விற்கிறார், அப்புறம் அவரையும் ஆக்கிரமிப்பு என்று விரட்டுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரின் வயல் சான்றையும் பயிரையும் வைத்தே இவர்களுக்கு அட்டை கொடுக்க வழி செய்ய வேண்டும். அரசு இந்தச் சந்தைகளுக்குக் கட்டடம் கட்டுவதைவிட முதலில் செய்ய வேண்டியது இதையும், விடிகாலை வண்டி வசதியையும், பெண்களுக்கான கழிப்பறையையும்தான் என்பேன்.

நீங்கள் தொடங்குவதானால் ஆடிப்பட்டத்துக் காயோடு தொடங்குங்கள். அது புரட்டாசியில் கைக்கு வரும். அந்த மாதம் பல வீடுகளில் கறி கிடையாது, காய்க்கு நல்ல கேட்பு இருக்கும். தை, மாசியில் எல்லோருடைய தோட்டமும் காய்க்கிற காலம், விலை இறங்கும், அப்போது புதிதாகப் போனால் மனம் விட்டுப்போகும். முதலில் வாரம் இரண்டே நாள். ஒன்று ஞாயிறு, இன்னொன்று செவ்வாயோ புதனோ. ஒரே கடைப் பக்கம், ஒரே நாள் என்று வழக்கமாக்கினால் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவார்கள். கொண்டுபோனது, விற்றது, மிஞ்சியது, வண்டிக்கூலி நான்கையும் அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதச் சொல்லி மகனிடம் கொடுங்கள். நாலைந்து வாரத்தில் எந்தக் காய் உங்கள் வண்டிக்கூலியைத் தூக்குகிறது, எது வெறும் சுமை என்று தெரிந்துவிடும்.

நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்கு முந்தின நாளும் அன்றைக்கும் வாழைக்காய், பாகல், கொத்தவரை, பூசணி கேட்டு வருவார்கள். மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை கட்டுக் கட்டாகப் போகும். பொங்கலுக்கு மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, மஞ்சள் கொத்து. கார்த்திகை மழையில் முருங்கைக்காய் வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை. அகத்தியும் முருங்கையும் வரப்பில் தானாக நிற்பவை, பறிப்பதைத் தவிர வேறு செலவில்லை. இந்தப் பட்டத்திலேயே நாலு அகத்தி விதையை வரப்பில் ஊன்றிவிடுங்கள், அட்டை கைக்கு வருவதற்குள் ஒடிக்கிற உயரத்துக்கு வந்திருக்கும்.